குடும்ப மன்றம்: நம் விமானி உரிமமும் ஐரோப்பிய வானமும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் பங்கு இல்லத்தின் திண்ணையில் கூட்டம் பெருகுவது வழக்கம். நன்னடத்தைச் சான்று கேட்போர், கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்போர், வங்கிக் கடனுக்கு வழி கேட்போர் எனப் பலர் வருவர். பொறியியல், செவிலியம், ஆசிரியப் பயிற்சி என்று நமக்குப் பழக்கமான வினாக்களே பெரும்பாலும் எழும். சில ஆண்டுகளாகப் புதிய வினா ஒன்று அவற்றோடு சேர்ந்துள்ளது: "பையன் பைலட் ஆக வேண்டும் என்கிறான், சாமி. இங்கே லைசென்ஸ் எடுத்தால் ஐரோப்பாவில் வேலை செய்யலாமாமே, உண்மைதானா?"

இவ்வாசை நம் பகுதிப் பிள்ளைகளுக்கு வருவதில் வியப்பொன்றுமில்லை. பீளமேட்டில் 1940இலேயே விமானத்தளம் அமைந்துவிட்டது. சூலூரில் இரண்டாம் உலகப் போர்க் காலம் தொட்டே படைத்தளம் உள்ளது. 2018இல் தேஜஸ் போர் விமானங்களின் முதல் அணி அங்கு வந்து சேர்ந்தது. கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பகுதிகளில் தறிச் சத்தத்தையும் மீறி வானத்தில் எழும் ஓசையைக் கேட்டே பிள்ளைகள் வளர்கிறார்கள். சேலத்தை அடுத்த காமலாபுரம் விமான நிலையமோ, பறத்தல் பயிற்சிப் பள்ளி அமைக்க 2022இல் நாட்டில் இடம் ஒதுக்கப்பட்ட ஐந்து நிலையங்களுள் ஒன்று. எனவே விமானி என்னும் சொல் இன்று கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு எட்டாத சொல்லன்று.

ஆயினும், 'இங்கே உரிமம், அங்கே வேலை' என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் அந்த வாக்கியத்துள் பல படிகள் மறைந்து கிடக்கின்றன. தோட்டத்தை அடகு வைக்குமுன் அப்படிகளை எண்ணிப் பார்ப்பது பெற்றோர் கடமை. அதற்குத் துணையாகவே இத்திங்கள் இதனை எழுதுகிறோம்.

முதற்கண் ஓர் ஒப்புமை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பதிவான லாரியை நம் ஊர் ஓட்டுநர் காசுமீரம் வரை ஓட்டிச் செல்கிறார். மாநிலம் மாநிலமாக அவர் புது உரிமம் எடுப்பதில்லை. அதே ஓட்டுநர் துபாய்க்கு வேலைக்குச் சென்றால், இருபது ஆண்டு ஓட்டியவராயினும், அங்கு மீண்டும் தேர்வுக்கு அமர்ந்து, ஓட்டிக் காட்டி, அந்நாட்டு உரிமம் பெற்ற பின்பே வண்டியைத் தொட முடிகிறது. விமானியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலர் குழம்புவது அதில்தான்.

இந்திய உரிமம் பெற்ற விமானி ஏர் இந்தியா விமானத்தை ஓட்டிக்கொண்டு பிராங்பர்ட் நகருக்கும் பாரிசுக்கும் நாள்தோறும் சென்று வருகிறார். அவரை அங்கே யாரும், 'உமது உரிமம் இங்குச் செல்லாது' என்று தடுப்பதில்லை. அப்படியிருக்க, அதே நகரில் குடியேறி அந்நாட்டு விமானத்தை ஓட்டுவதற்கு மட்டும் ஏன் தடை? விடை 1944 டிசம்பர் 7ஆம் நாள் சிகாகோ நகரில் 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் உள்ளது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. அவ்வுடன்படிக்கையின் 32ஆம் பிரிவின்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதோ, அந்த நாடு வழங்கிய உரிமமோ, அந்த நாடு ஏற்றுக்கொண்ட உரிமமோ விமானியிடம் இருத்தல் வேண்டும். 33ஆம் பிரிவு, அவ்வாறு வழங்கப்பட்ட உரிமத்தைப் பிற நாடுகள் மதிக்க வேண்டும் என்கிறது. ஆக, உரிமம் விமானத்தின் பதிவைப் பின்பற்றுகிறதேயன்றி, அது பறக்கும் வானத்தைப் பின்பற்றுவதில்லை. இந்தியப் பதிவுள்ள விமானத்துக்கு இந்திய உரிமம் உலகெங்கும் போதும். செருமானியப் பதிவுள்ள விமானத்துக்கு அது கோவைக்கு மேலே பறந்தாலும் போதாது.

இதில் நம் நாட்டைப் பிறர் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று வருந்த இடமில்லை. நாமும் அதையே செய்கிறோம். அமெரிக்காவில் பயிற்சி முடித்து அந்நாட்டு உரிமத்துடன் திரும்பும் நம் பிள்ளைகள், இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் நடத்தும் தேர்வுகளை எழுதி, மருத்துவச் சோதனை முடித்து, பறந்து காட்டிய பின்னரே இந்திய உரிமம் பெறுகின்றனர். நம் நிறுவனங்களில் வந்து பணிபுரியும் வெளிநாட்டு விமானிகளுக்கும் தற்காலிக அனுமதியே தரப்படுகிறது. டி.ஜி.சி.ஏ. என்று பிள்ளைகள் சொல்வது இந்த இயக்ககத்தையே.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். அங்கே விமானப் பாதுகாப்புக்கென 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட பொது அமைப்பு ஒன்று உண்டு. 'இயாசா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் தலைமையகம் செருமனியின் கொலோன் நகரில் இருக்கிறது. (விண்மீனை வழிகாட்டியாகக் கொண்டு பயணம் செய்த மூன்று ஞானிகளின் திருப்பண்டங்கள் 1164இல் மிலானிலிருந்து கொண்டுவரப்பட்டு வணங்கப்படும் பேராலயம் உள்ள அதே கொலோன்தான். வழிகாணும் கலையின் விதிகள் இன்று அவ்வூரிலிருந்து வெளிவருவது பொருத்தமே.) ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும், அவற்றோடு ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் சேர்ந்து 31 நாடுகள் அதன் விதிகளைப் பின்பற்றுகின்றன. ஒரு நாட்டில் பெற்ற உரிமம் மற்ற முப்பது நாடுகளிலும் செல்லும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கொலோன் நகரத்து அமைப்பு எந்த விமானிக்கும் உரிமம் வழங்குவதில்லை. அது விதி வகுக்கும். உரிமத்தை வழங்குவது அயர்லாந்து, மால்டா, ஆஸ்திரியா, செருமனி போன்ற ஒவ்வொரு நாட்டின் விமான அதிகாரமே. 'கொலோனில் எங்களுக்கு ஆள் இருக்கிறார், நேரே உரிமம் வாங்கித் தருகிறோம்' என்று ஒரு தரகர் சொன்னால், அவர் பேச்சை அவ்விடத்திலேயே முடித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தைப் பற்றியும் ஒரு சொல்: 2020 முடிவோடு அந்நாடு இவ்வமைப்பிலிருந்து முற்றும் விலகிவிட்டது. இலண்டனில் பெறும் உரிமம் இன்று பாரிசில் செல்லாது. பாரிசில் பெறுவது இலண்டனில் செல்லாது. இரண்டுக்கும் தனித்தனியே தேர்வெழுத வேண்டும்.

மாற்றிக்கொள்வதற்கான விதிகள் 2011ஆம் ஆண்டின் 1178ஆம் எண் ஒழுங்குமுறையிலும், பிற நாட்டு உரிமங்களுக்கென்றே 2020இல் வெளிவந்த 723ஆம் எண் ஒழுங்குமுறையிலும் உள்ளன. அவை இரண்டு வழிகளைக் காட்டுகின்றன. ஒன்று, நம் உரிமத்தைக் குறுகிய காலத்துக்கு ஏற்றுக்கொள்ளுதல். இது குறிப்பிட்ட தேவைக்காகச் சில மாதங்களுக்குத் தரப்படுவது, வாழ்நாள் தொழிலுக்கு உதவாது. மற்றது முழு மாற்றம். நம் பிள்ளைகள் நாடுவது இரண்டாவதையே.

முழு மாற்றத்துக்கு முதலில் வேண்டுவது உடல் தகுதி. இந்தியாவில் பெற்ற முதல் வகுப்பு மருத்துவச் சான்று அங்கே ஏற்கப்படுவதில்லை. ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற விமான மருத்துவ மையத்தில் மீண்டும் முழுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கண், காது, இதயம், நரம்பு, மனநலம் அனைத்தும் ஆராயப்படும். நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலைப் புள்ளிகள் நிறைந்த இஷிஹாரா தட்டுகளைக் காட்டிச் சோதிப்பர். நிறக்குருடு பெரும்பாலும் தாய்வழியே ஆண் மக்களுக்கு வருவது. தாய்மாமனுக்கு அக்குறை இருந்தால் மருமகனையும் உள்ளூர்க் கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நலம். அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். பணம் கட்டிய பின் அறிவதைவிட, கட்டுமுன் அறிவது எத்துணை மேல்!

அடுத்தது எழுத்துத் தேர்வு, பெருமலை இதுவே. வணிக விமானி உரிமத்தை ஏற்கெனவே வைத்திருப்பவரும், போக்குவரத்து விமானிக்குரிய 13 தாள்களை எழுதித் தேற வேண்டும். விமானச் சட்டம், விமானத்தின் உடலும் எந்திரமும், கருவிகள், எடையும் சமநிலையும், செயல்திறன், பயணத் திட்டம், மனித ஆற்றலும் அதன் எல்லையும், வானிலை, பொது வழிகாணல், வானொலி வழிகாணல், இயக்க நடைமுறை, பறத்தலின் தத்துவம், செய்தித் தொடர்பு ஆகியன அவை. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 75 பெற வேண்டும். நம் நாட்டில் 70 போதும். முதல் தாளை எழுதிய திங்களின் இறுதியிலிருந்து 18 மாதங்களுக்குள் அனைத்தையும் முடிக்க வேண்டும். ஒரே தாளில் நான்கு முறை தவறினால் 13 தாள்களையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். எல்லாம் தேறிய பின்னும், 36 மாதங்களுக்குள் உரிமத்தையும் கருவிவழிப் பறத்தலுக்கான தகுதியையும் பெறாவிட்டால் தேர்வு முடிவு காலாவதியாகிவிடும்.

முதன்முதலாகப் படிப்பவர்க்கு இப்பாடத்திட்டம் குறைந்தது 650 மணி நேர வகுப்பைக் கொண்டது. ஏற்கெனவே உரிமம் உள்ளவரின் அனுபவத்தை அங்குள்ள பயிற்சி நிறுவனம் எடைபோட்டு, எவ்வளவு வகுப்புத் தேவை எனப் பரிந்துரைக்கும். அந்நாட்டு அதிகாரம் முடிவு செய்யும். வகுப்பு குறையலாம்; தேர்வு குறையாது. நம் கோவை மண்ணின் மேதை ஜி.டி. நாயுடு, நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம், இரண்டாண்டு போதும் என்று வாதாடிய வரலாற்றை நம் பெரியோர் அறிவர். கைத்திறனை நம்பிய அவருக்குக் காகிதச் சான்றுகளின் மேல் அவ்வளவு மதிப்பில்லை. அவர் இந்த 13 தாள்களைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் விமானத்தில் பின்னால் அமர்ந்திருக்கும் நூற்றெண்பது பேரின் பக்கம் நின்று பார்த்தால், விதி வகுத்தவர்களையும் குறை சொல்லத் தோன்றவில்லை.

எழுத்துத் தேர்வுக்குப் பின் பறந்து காட்டும் தேர்வு. அங்கீகாரம் பெற்ற தேர்வாளர் உடன் அமர்ந்து, இயல்பான பறத்தலையும், ஓர் எந்திரம் நின்றுபோனால் என்ன செய்கிறார் என்பதையும், மேகத்துள் கருவிகளை மட்டும் நம்பி இறங்குவதையும் சோதிப்பார். பெரிய விமானத்தில் முதன்முதலாகப் பயிற்சி பெறுமுன், நிலை தடுமாறிய விமானத்தை மீட்கும் தனிப் பயிற்சி ஒன்று 2019 டிசம்பர் முதல் அங்கே கட்டாயம். அதில் 5 மணி வகுப்பும் 3 மணிப் பறத்தலும் அடங்கும். இருவர் சேர்ந்து ஓட்டும் முறைக்கான பயிற்சி தனி. ஆங்கிலப் புலமையோ ஆறு படிகளுள் நான்காவது படியாவது இருத்தல் வேண்டும்; நான்காம் படி நான்கு ஆண்டுகளுக்கும், ஐந்தாம் படி ஆறு ஆண்டுகளுக்கும் செல்லும், ஆறாம் படிக்கு மறுதேர்வு இல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அஞ்ச வேண்டா. அங்கே கேட்பது இலக்கிய ஆங்கிலமன்று. இரைச்சலுக்கிடையே பிழையறக் கேட்டு, பிழையறச் சொல்லும் ஆங்கிலம்.

இத்துணைக் கண்டிப்பு ஏன் என்று கேட்போருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். 2011இல் நம் நாட்டிலேயே போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் சிலர் கண்டுபிடிக்கப்பட்டுக் கைதாயினர். 2020 மே 22இல் கராச்சியில் ஒரு பயணி விமானம் வீழ்ந்த பின், தம் நாட்டு விமானிகளுள் 262 பேரின் உரிமங்கள் ஐயத்துக்குரியவை எனப் பாகிஸ்தான் அமைச்சரே மன்றத்தில் அறிவித்தார். அடுத்த மாதமே அந்நாட்டு அரசு விமான நிறுவனம் ஐரோப்பாவுக்குள் வருவதை இயாசா நிறுத்திவைத்தது. 2024 நவம்பரில்தான் தடை நீங்கியது. நேர்மையாகத் தேறிய நூற்றுக்கணக்கான விமானிகளும் சிலரது பொய்யால் அந்நான்கு ஆண்டுகளும் தலைகுனிந்தனர். நம் பிள்ளை விண்ணப்பிக்கும்போது, 'இவ்வுரிமம் உண்மையானதுதானா' என்று ஐரோப்பிய அதிகாரம் தில்லிக்கு எழுதிக் கேட்பதன் காரணம் இதுவே. அக்கடிதத்துக்கு விடை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

இயற்கையும் ஒரு காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் பாய்ந்து வரும் காற்றை நம் பகுதி விமானி நன்கு அறிவார். பீளமேட்டில் இறங்கும்போது அது எப்படித் தள்ளும் என்பது அவருக்குப் புத்தகம் பாராமலே தெரியும். ஆனால் இறக்கையில் பனிக்கட்டி படிவதை அவர் கண்டிருக்கமாட்டார். விரலளவுகூடத் தேவையில்லை, சொரசொரப்பான மெல்லிய பனிப்படலமே இறக்கையின் தூக்கும் ஆற்றலைக் குலைத்துவிடும். அதனைக் கரைக்கும் திரவம் தெளித்த பின் எத்தனை நிமிடத்துக்குள் மேலெழ வேண்டும் என்ற கணக்கு, வடக்கு ஐரோப்பிய விமானிக்கு நம் உழவர்க்குப் பருவக் கணக்குப் போன்றது.

இதுவரை சொன்னவை எல்லாம் உழைப்பால் கடக்கக்கூடியவை. படிக்கும் பிள்ளை படிப்பான், தேறுவான். அதற்கு அப்பால் ஒரு வாயில் உள்ளது. தரகர்களின் விளம்பரத் தாளில் அது இடம்பெறுவதே இல்லை. உரிமம் என்பது விமானத்தை ஓட்டத் தகுதி தருவது. அந்நாட்டில் தங்கி ஊதியம் பெற்று வேலை செய்யும் உரிமையை அது தருவதில்லை. இரண்டும் இருவேறு அரசு அலுவலகங்களின் காரியங்கள். ஐரோப்பிய விமான நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் 'ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையின்றி வாழவும் பணிபுரியவும் உரிமை உடையவராக இருத்தல் வேண்டும்' என்ற வரி இருக்கும். அவ்வரியைக் கடக்க இயலாதவருக்கு 13 தாள்களில் நூற்றுக்கு நூறு பெற்றாலும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருவது அரிது.

செவிலியர் பணியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். நம் பங்குகளிலிருந்து செவிலியப் பெண்கள் செருமனிக்குச் செல்கிறார்கள். அங்கு அவர்களுக்குப் பஞ்சம். ஆகவே மருத்துவமனையே வேலை ஒப்பந்தம் தந்து, விசாவுக்கு வழிசெய்து, சான்றிதழை அங்கீகரிக்கும் முறையிலும் துணை நிற்கிறது. மொழியைக் கற்றுக்கொண்டால் கதவு உட்புறமிருந்தே திறக்கப்படுகிறது. அனுபவமற்ற இளம் விமானிக்கு அத்தகைய பஞ்சம் அங்கில்லை. அந்நாடுகளின் பிள்ளைகளே பெருங்கடன் பட்டுப் பயிற்சி முடித்து, முதல் வேலைக்காகக் காத்திருக்கிறார்கள். இருநூறு மணி நேரப் பறத்தல் மட்டுமே உள்ள வெளிநாட்டவருக்காக ஒரு நிறுவனம் ஏன் வேலை அனுமதிக்கு அலைய வேண்டும்?

சிலருக்கு இவ்வாயில் பிறப்பிலேயே திறந்திருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளை இந்தியாவுக்கு அளித்த 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். ஈழத்திலிருந்து சென்று செருமனியிலும் பிரான்சிலும் குடியுரிமை பெற்ற தமிழரின் பிள்ளைகளும் அவ்வாறே. இத்தகையோர் இந்தியாவில் குறைந்த செலவில் பறக்கக் கற்று, பின் உரிமத்தை மாற்றிக்கொள்வது அறிவுடைய செயலாகலாம். கோவை மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வசதி இல்லை. அவனுக்கு வேறு கணக்கு வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தினர் நம்மைக் காண வந்தனர். மகன் இந்திய வணிக விமானி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. பயிற்சிக்கே நாற்பது இலட்சத்துக்கு மேல் செலவாகி, வங்கிக் கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. இந்நிலையில் ஒரு தரகர், மேலும் இருபத்திரண்டு இலட்சம் தந்தால் ஆறே மாதத்தில் உரிமத்தை மாற்றி, ஐரோப்பாவில் வேலையும் உறுதி என்று சொல்லியிருந்தார். தகப்பனார் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "மூணு ஏக்கர் தோட்டம் இருக்குதுங்க சாமி. கிணத்துல தண்ணியும் இருக்குது. அதைக் குடுத்துட்டா பையன் பொழச்சுக்குவானுங்களா?" என்று கேட்டார். தாயார் ஒன்றும் பேசவில்லை. மகனோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாம் அந்த இளைஞனிடமே கேட்டோம். தம்பி, எந்த நாட்டின் அதிகாரத்திடம் உரிமம் பெறப் போகிறாய்? அங்குத் தங்கி வேலை செய்யும் அனுமதியை யார் பெற்றுத் தருவார், எழுத்தில் தந்திருக்கிறாரா? தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் உன் இந்திய உரிமத்தின் தகுதிகளை எப்படி உயிரோடு வைத்திருப்பாய்? முதல் வினாவுக்கு அவன் விடை சொன்னான். இரண்டாவதற்குத் தரகரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றான். பத்து நாள் கழித்துத் தனியே வந்தான். 'வேலை உறுதி' என்பதை எழுதித் தர அவர் மறுத்துவிட்டாராம். "அப்பா தோட்டத்த விக்க வேண்டாம்னு சொல்லிட்டேன் சாமி," என்றவன் குரல் உடைந்தது. தோட்டம் இன்றும் அவர்களிடம் உள்ளது. வங்கிக் கடனும் உள்ளது. அவன் ஒரு பயிற்சிப் பள்ளியில் புதிய மாணவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அங்கேயே பயிற்றுநர் தகுதிக்கு ஆயத்தம் செய்து வருகிறான். ஊதியம் குறைவு, ஆனால் பயிற்றுநர் ஆனபின் பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவன் கணக்கில் சேரும்.

அந்தக் கணக்கே முதன்மையானது என்பது நம் கருத்து. ஐரோப்பாவானாலும் வளைகுடாவானாலும், விமான நிறுவனங்கள் மதிப்பது பெரிய விமானத்தில் பறந்த மணி நேரங்களையே. நம் நாட்டில் 1,500 மணி நேரம் நிறைந்து, 21 வயதும் ஆனவர், உரிய தேர்வுகளில் தேறினால் போக்குவரத்து விமானி உரிமம் பெறலாம். அதனைக் கையில் வைத்துக்கொண்டு சில ஆண்டு பெரிய விமானத்தில் பணிபுரிந்தவர் ஐரோப்பிய உரிமத்துக்கு விண்ணப்பித்தால், அங்கே பேச்சே வேறாகிவிடும். அவருக்கும் 13 தாள்கள் உண்டு. ஆனால் அவருக்காக வேலை அனுமதி பெற முன்வரும் நிறுவனம் கிடைக்கக்கூடும். வளைகுடா நிறுவனங்கள் இவ்வகையில் இன்னும் இளக்கமானவை. அனுபவமுள்ள இந்திய விமானிகள் பலர் ஐரோப்பாவை நினைத்துப் புறப்பட்டுத் துபாயிலோ தோகாவிலோ நிலைபெற்றிருக்கிறார்கள்.

'உள்நாட்டில் வேலையே நிலையில்லையே' என்று இளைஞர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான விமானிகள் உரிமத்தோடு வீட்டில் அமர்ந்தனர். ஐரோப்பிய உரிமத்தின் மீதுள்ள ஆசைக்கு இந்த அச்சமே பாதிக் காரணம். ஆனால் மறுபக்கமும் உண்டு. 2025 டிசம்பரில் விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை நீக்கியது. விமானிகள் போதவில்லை என்பதே அதன் பொருள். இத்தொழிலில் பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வரும். வேளாண் குடும்பங்களுக்கு இது புதிதன்று.

ஐரோப்பிய உரிமத்துக்கு முயல்வது என்று ஆலோசித்து முடிவு செய்தவர்க்குச் சில குறிப்புகள் தந்து முடிக்கிறோம். மருத்துவச் சோதனையை முதலில் முடியுங்கள். தோற்றால் அந்தப் பயணச் செலவோடு இழப்பு நிற்கும். நாடு ஒன்றைத் தெரிந்துகொண்டு, மருத்துவச் சான்று, தேர்வு, உரிமம் மூன்றையும் அந்த ஒரே நாட்டின் அதிகாரத்தின்கீழ் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மாற்றுவது இயலும், ஆனால் காகிதங்கள் நாடு விட்டு நாடு செல்லும்வரை காத்திருக்க நேரிடும். ஆங்கிலமே வழக்கு மொழியாக உள்ள அயர்லாந்தையும் மால்டாவையும் இந்தியர் பலர் நாடுவது இயல்பே. புனித பவுல் கப்பல் உடைந்து கரை சேர்ந்த தீவாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறும் அதே மால்டாதான். ஓட்டுநரின் சொல்லை நம்பிப் புறப்பட்டுப் புயலில் சிக்கிய அக்கப்பலின் கதையை விமானிகள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பயிற்சி நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்பதை அந்நாட்டு அதிகாரம் வெளியிடும் பட்டியலில் நீங்களே பாருங்கள். கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். பள்ளிகள் முழுகிய செய்திகள் உலகெங்கும் உண்டு. இந்தியாவில் பணியில் இருப்பவர், 2017இல் டி.ஜி.சி.ஏ. வகுத்த விதிப்படி துணை விமானியானால் ஆறு மாதமும் தலைமை விமானியானால் ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டியிருந்ததை நினைவிற்கொண்டு, இன்றைய நிலையைக் கேட்டறிந்த பின்பே புதிய ஒப்பந்தத்தில் நாள் குறிக்கட்டும்.

இறுதியாகப் பறத்தல் பதிவேடு. அதில் தேதி, விமானத்தின் பதிவு எண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நேரம் ஆகியவை நாள் தவறாமல் எழுதப்பட்டு, பயிற்சி நிறுவனத்தின் முத்திரையும் கையொப்பமும் பக்கந்தோறும் இருக்க வேண்டும். பள்ளி மூடப்பட்ட பின் அம்முத்திரையைத் தேடி அலைவோர் உண்டு. மூலத்தை வீட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தி, சான்றொப்பமிட்ட படிகள் இரண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டு அதிகாரி முதலில் கேட்கும் ஏடு அதுவாகத்தான் இருக்கும்.